சிவப்பு சிலிண்டரும் இரண்டு சங்கங்களும்

தீயணைப்பானை விற்பவருக்கு ஒருமுறைதான் லாபம். அதைப் பராமரிப்பவருக்கு ஆண்டுதோறும் வருமானம் உண்டு. சுவரில் மாட்டிய நாளிலிருந்து சேஃப்டி பின் கழன்றிருக்கிறதா, பிரஷர் கேஜின் முள் பச்சையில் நிற்கிறதா, உள்ளே பவுடர் கட்டிதட்டிப் போயிருக்கிறதா என்று யாராவது வந்து பார்த்தாக வேண்டும். இந்த வேலையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒழுங்காகச் செய்ததும் செய்யாமல் விட்டதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிலிண்டரைத் தொடாமலேயே டேகில் தேதியைப் போட்டுக் கையெழுத்தும் இட்டுவிட்டுப் போகிறவரை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க வழியில்லை. தீப்பற்றினால் குட்டு வெளிப்படும். ஆனால் பெரும்பாலான சிலிண்டர்கள் தம் ஆயுளில் தீயைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே இந்தத் தொழிலில் சங்கம் நடத்துகிறவர்கள் வரி, விலை, சரக்கு என்று பேசிக் கலைந்துவிட முடியாது. உறுப்பினரின் வேலையை நம்பலாமா என்ற கேள்வி அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன.

பிரிட்டனின் எஃப்.ஐ.ஏ., அதாவது ஃபயர் இண்டஸ்ட்ரி அசோசியேஷன், 2007-இல் உருவானது. தீயணைப்பான் தொழிலுக்கு 1916 முதலே ஃபெட்டா என்ற சங்கம் இருந்தது. தீ அலாரம் முதலிய அமைப்புகளைச் செய்வோருக்கு வேறொரு சங்கம். இரண்டும் இணைந்ததே இது. இணைந்த காலம் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தீயணைப்பு அதிகாரிகள் கட்டடங்களுக்குச் சான்றிதழ் வழங்கிவந்த முறை 2006 அக்டோபர் 1-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த 2005-ஆம் ஆண்டு ஆணை, பொறுப்பு முழுவதையும் கட்டடத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் தலையில் இறக்கியது. உபகரணங்கள் செம்மையாக இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், போதிய பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்களை அமர்த்த வேண்டும் என்றது. அந்தப் பயிற்சிக்கு எந்தச் சான்று போதும் என்று சொல்லவில்லை. தீயணைப்பான் சர்வீஸுக்கு அங்கே அரசு லைசென்ஸ் என்று ஒன்றும் கிடையாது.

அரசு விலகி நின்ற அந்த இடத்தில் எஃப்.ஐ.ஏ. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. சர்வீஸ் நிறுவனம் உறுப்பினராக வேண்டுமானால், மூன்றாம் தரப்பு ஒன்று தணிக்கை செய்து கொடுத்த சான்று வேண்டும். தீயணைப்பானுக்குப் பொதுவாக அது 1984-இல் தொடங்கப்பட்ட பேஃப் அமைப்பின் எஸ்.பி.101 திட்டம். பேஃப் நேரில் வந்து தணிக்கை செய்வதில்லை. அங்கீகாரம் பெற்ற வேறு சான்று நிறுவனங்களின் ஆட்கள் வந்து பதிவேடுகளையும் பணியாளர்களின் பயிற்சியையும் பார்க்கிறார்கள். ஆக, சங்கம் நேரடியாக யாருக்கும் நற்சான்று தருவதில்லை. சான்று இல்லாதவரை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான். வேனில் ஒட்டிய சங்கச் சின்னத்துக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

அமெரிக்காவின் நேஃபெட், அதாவது தீயணைப்புக் கருவி விநியோகஸ்தர்களின் தேசியச் சங்கம், 1963-இல் தொடங்கியது; தலைமையிடம் சிகாகோ. பெயரில் விநியோகஸ்தர்கள் என்று இருந்தாலும் உறுப்பினர்கள் பெரும்பாலும் விற்பனையோடு சர்வீஸையும் சேர்த்துச் செய்யும் உள்ளூர் நிறுவனங்கள், பல இடங்களில் குடும்பத் தொழில்கள். அங்கே வாசலில் ஏற்கெனவே வேறு காவலர்கள் இருக்கிறார்கள். டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநிலத் தீயணைப்புத் துறைத் தலைவரின் அலுவலகமே நிறுவனத்துக்கும் ஆளுக்கும் லைசென்ஸ் கொடுக்கிறது. வேறு சில மாநிலங்களில் மாநில அளவில் எதுவுமே இல்லை. நகராட்சி பார்த்துக்கொண்டால் உண்டு. வேலை கொடுப்பவர் தீயணைப்பான்களை மாதம் ஒருமுறை கண்ணால் பார்க்கவும் ஆண்டுக்கொருமுறை பராமரிக்கவும் வேண்டும் என்று மத்திய அரசின் தொழிலாளர் பாதுகாப்பு விதி கட்டளையிடுகிறது. ஆள் யார் என்பதில்தான் இடத்துக்கு இடம் குழப்பம்.

எனவே நேஃபெட் பள்ளிக்கூடமானது. இன்டர்நேஷனல் கோட் கவுன்சிலோடு சேர்ந்து டெக்னீஷியன்களுக்குத் தேர்வு நடத்துகிறது: கையடக்கத் தீயணைப்பானுக்கு ஒன்று, உணவகச் சமையலறை அமைப்புக்கு ஒன்று, தொழிற்கூட அமைப்புக்கு ஒன்று. என்.எஃப்.பி.ஏ.10 என்ற தர ஆவணம், பராமரிப்பவர் சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. உற்பத்தியாளரின் பயிற்சி, உள்ளூர் அதிகாரி ஏற்கும் அமைப்பின் சான்று, அரசு லைசென்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். அந்த இரண்டாவது வழியில்தான் நேஃபெட்டின் தேர்வுக்கு இடம் கிடைக்கிறது. பாடம் எடுக்கும் சங்கமே தேர்வையும் தனியாக நடத்தியிருந்தால் அதிகாரிகள் மதித்திருப்பார்களா என்பது சந்தேகம். கூட்டாளியாக வந்ததோ, பல மாநிலங்கள் ஏற்றிருக்கும் தீப்பாதுகாப்பு விதிநூலை வெளியிடும் அமைப்பு. சாமர்த்தியமான ஏற்பாடு. இந்த விஷயத்தில் எஃப்.ஐ.ஏ. கொஞ்சம் சறுக்குகிறது என்பேன். பயிற்சி வகுப்புகளையும் நடத்திக்கொண்டு, தகுதிச் சான்று வழங்கும் பிரிவையும் தன் கூரையின் கீழேயே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு அரசுக் கட்டுப்பாட்டாளரின் கண்காணிப்பில் இருப்பது உண்மை. ஆனாலும் இரண்டும் ஒரே வீட்டில் என்பது கண்ணை உறுத்துகிறது.

விதியை எழுதும் மேசையில் இந்தச் சங்கங்கள் உட்காரும் விதமும் வேறு. பிரிட்டிஷ் தரக் குழுக்களில் நாற்காலி அமைப்புகளுக்கு உரியது, எஃப்.ஐ.ஏ. போன்ற சங்கம் தன் பிரதிநிதியை அனுப்பும். சிறிய நிறுவனத்தின் குரல் அங்கே எட்ட வேண்டுமானால் சங்கம் வழியாகப் போவதே எளிது. அமெரிக்காவில் தரங்களை வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. அமைப்பின் குழுக்களில் தனி ஆட்களை நியமிக்கிறார்கள். எந்த ஒரு தரப்பும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அங்கே சங்கத்தின் பிடி தளர்வு.

இந்த மேசையில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அழுத்தம் ஏற்றிய பவுடர் சிலிண்டரைப் பிரித்துப் பார்க்க பிரிட்டிஷ் தரம் ஐந்தாண்டு என்கிறது, அமெரிக்கத் தரம் ஆறு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை பிரிட்டனில் பத்தாண்டுக்கொருமுறை முழுமையாகச் சோதித்தால் போதும். அமெரிக்காவில் ஐந்தாண்டுக்கொருமுறை அழுத்தச் சோதனை. அதே வாயு, இடைவெளி பாதி. ஒவ்வோர் எண்ணும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் வருமானம்.

அந்த மேசையைக் கைப்பற்ற முயன்றவர்களின் கதை அமெரிக்கச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் பாடமாக இருக்கிறது. 1980-இல் மின்கம்பிக் குழாய்க்கு பிளாஸ்டிக்கையும் அனுமதிக்கலாம் என்ற முன்மொழிவு என்.எஃப்.பி.ஏ. ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது. எஃகுக் குழாய்க்காரர்கள் 230 பேரைப் புதிதாக உறுப்பினராகச் சேர்த்துக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். முன்மொழிவு 390-க்கு 394 என்று நான்கு வாக்கில் தோற்றது. கூட்டத்தின் விதிமுறை எதையும் அவர்கள் மீறவில்லை. உறுப்பினர் சந்தா கட்டினார்கள், வாக்களித்தார்கள். ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து இதற்கு விலக்கு இல்லை என்று 1988-இல் தீர்ப்பானது. அமெரிக்க வணிகச் சங்கக் கூட்டங்களில் விலையைப் பற்றியோ வாடிக்கையாளரைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றியோ பேசக்கூடாது என்ற அறிவிப்பைத் தொடக்கத்திலேயே வாசிப்பது வழக்கம். சடங்குபோலத் தோன்றும் அந்த வாசிப்புக்குப் பின்னால் இதுபோன்ற வழக்குகள் இருக்கின்றன. பிரிட்டனிலும் 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் உண்டு.

நேஃபெட் உறுப்பினர்களின் வாழ்வில் பெரிய திருப்பம் சமையலறையிலிருந்து வந்தது. உணவகங்கள் விலங்குக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறின. வெப்பம் வெளியேறாத புதிய வறுகலன்கள் வந்தன. அணைந்த எண்ணெய் ஆறாமல் மறுபடி பற்றிக்கொண்டது. பழைய பவுடர் அமைப்புகளால் இதைச் சமாளிக்க முடியவில்லை. 1994 நவம்பரில் யு.எல்.300 என்ற கடுமையான சோதனைத் தரம் வந்தபின், அதுவரை மாட்டியிருந்தவை பழசாகிப்போயின. ஈர ரசாயன அமைப்பு மாட்டவும், ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. வேதியியலையும் வணிகத்தையும் சேர்த்துக் கற்றுத் தரும் சங்கத்துக்கு இதைவிட நல்ல காலம் வராது. உணவகக்காரர் இதைக் காசு பறிக்கும் வேலை என்று முணுமுணுத்திருக்கலாம். தீயின் கணக்கில் அவர் சொல்வது தவறு.

எஃப்.ஐ.ஏ. கூரையின் கீழ் உற்பத்தியாளரும் சர்வீஸ்காரரும் சேர்ந்தே இருக்கிறார்கள். அமெரிக்காவில் உற்பத்தியாளர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு (அதன் சுருக்கப் பெயர் பேரிடர் மேலாண்மைக்கான மத்திய அரசு அமைப்பின் பெயரும்கூட, தொலைபேசி எடுப்பவர்கள் பாவம்). இந்த வேறுபாடு சின்னதாகத் தெரிந்தாலும் சர்வீஸ்காரரின் வயிற்றைத் தொடுகிறது. பிரிட்டனில் ஐந்தாண்டு முடிந்த நுரை சிலிண்டரை வெளியேற்றி, கழுவி, மறுபடி நிரப்புவதைவிடப் புதிதாக மாற்றுவது பல சமயம் மலிவு. தயாரிப்பவருக்கு அது மகிழ்ச்சி. பிரித்துப் பூட்டும் திறமையை நம்பி வாழ்பவருக்கு அல்ல. ஒரே சங்கம் இருவருக்காகவும் பேசும்போது யார் குரல் ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை. சுயாதீன நிறுவனங்களுக்காக இஃபெடா என்று இன்னொரு சங்கம் அங்கே தனியாக இயங்குவது எனக்கு வியப்பளிக்கவில்லை. மூன்றாம் தரப்புத் தணிக்கைக் கட்டணம் இருநூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பொருட்டில்லை. வேன் ஒன்றும் ஆட்கள் இருவருமாக நடத்துபவருக்கு அது ஆண்டின் பெரிய செலவு.

ஒரு விஷயத்தில் பிரிட்டிஷ் சங்கங்களின் சேர்ந்த உழைப்பைப் பாராட்ட வேண்டும். தீயணைப்பான் உண்மையிலேயே பயன்படுகிறதா என்று 2003-இல் கணக்கெடுத்து, அதைப் பயன்படுத்திய இடங்களில் 80 விழுக்காட்டுத் தீகள் அதனாலேயே அணைந்தன என்றார்கள். 2021-இல் அது 93 ஆனது. கணக்கெடுத்தவர்கள் அதை விற்றுப் பராமரிப்பவர்களே என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். எனினும் அடுக்குமாடிகளின் பொது நடைவழியில் சிலிண்டர் தேவையா என்ற விவாதத்தில் கையில் எண் இல்லாமல் பேசுவதற்கு இது மேல்.

இரு சங்கங்களையும் இப்போது கருவிகளே சீண்டுகின்றன. சிலிண்டரில் பொருத்திய மின்னணு உணரி மாதச் சோதனைக்குப் பதிலாக இருக்கலாம் என்று என்.எஃப்.பி.ஏ.10 ஏற்றுக்கொண்டது. மாதச் சோதனை பெரும்பாலும் கட்டடக்காரர் தாமே செய்துகொள்வது. நேஃபெட் உறுப்பினருக்கு இழப்பு குறைவு, உணரியைப் பொருத்தும் வேலைகூடக் கிடைக்கலாம். பிரிட்டனில் வந்திருப்பது வேறு ரகம். துருப்பிடிக்காத கலவைப் பொருளில் செய்த சிலிண்டர், பத்தாண்டுக்கு இன்ஜினியர் வர வேண்டாம், உங்கள் ஊழியரே ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும் என்று விற்கப்படுகிறது. இது கை வைப்பது ஆண்டுச் சோதனையில். சட்டம் சான்றைப் பெயர் சொல்லிக் கேட்காததால்தான் எஃப்.ஐ.ஏ. வாசல்காவலன் ஆனது. அதே சட்டம் இன்ஜினியரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை என்பதைத்தான் இந்தச் சிலிண்டரை விற்பவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.