தொட்டிலோரத்துச் சீசா

அரூர்ப் பக்கத்து வீடுகளில் பிள்ளை பிறந்தால், வசம்போடு கிரைப் வாட்டர் சீசாவும் தொட்டிலருகே வந்துவிடும். அதன் பூர்வீகம் இங்கிலாந்து. சதுப்புநிலக் காய்ச்சலுக்குத் தந்த மருந்து குழந்தைகளின் வயிற்றுப் பொருமலையும் தணிக்கக் கண்டு, நாட்டிங்காம் மருந்தாளர் வில்லியம் வுட்வர்டு 1851இல் அதனை ஆக்கினார். சதகுப்பை எண்ணெய் (நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான்), சோடா உப்பு, சர்க்கரை, நீர். இவற்றோடு நூற்றுக்கு 3.6 பங்கு மதுச்சாரம்! அழுகையை அடக்கியது சதகுப்பையா, மதுவா, இனிப்பா? தாய்மார் எங்ஙனம் அறிவர்? 1990களின் தொடக்கத்திலேதான் பிரிட்டன் அம்மதுவை விலக்கியது.

அதே விக்டோரியா காலத்தில், அமெரிக்கத் தாய்மார் நம்பி ஊட்டிய வின்ஸ்லோ அம்மையார் பாகிலோ மார்பின் இருந்தது. அழுகை ஓய்ந்த குழந்தைகள் சில விழிக்கவேயில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே சீசாவின்மேல் ‘மார்பின்’ என்னும் சொல் அச்சேறியது.