ஜெட் வாகனங்கள் (சாலை)

சூடான வளியைப் பின்னோக்கிப் பீய்ச்சி ஓடும் வண்டிகளும், ஜெட் எஞ்சினின் கருவான வாயு டர்பைனால் சக்கரம் சுழலும் வண்டிகளும் இவ்வகையில் அடங்கும். முதல் வகை சாதனை ஓட்டங்களோடு நின்றது. இரண்டாவது வகை வீட்டு வாசல்வரை வந்து திரும்பியது.

நீராவி பீய்ச்சி நகரும் வண்டிப் படம் ஒன்று நியூட்டன் பெயரில் வழங்குகிறது. அது டச்சு அறிஞர் ஸ்கிராவசாண்டெயுடையது என்பாரும் உண்டு. 1928 மே 23 அன்று பெர்லினின் ஆவுஸ் தடத்தில் ஃபிரிட்ஸ் ஃபான் ஓப்பல் 24 வெடிமருந்து ராக்கெட்டுகள் பூட்டிய காரை ஓட்டினார். அதன் வேகம் மணிக்கு 230 கி.மீ. என்றும் 238 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. 1950இல் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 'ஜெட் 1' என்ற டர்பைன் காரைக் காட்டியது.

விரிவான பதிவுகள் கிடைப்பது அமெரிக்காவின் கிரைஸ்லர் சோதனைக்கே. இத்தாலியின் கியா பட்டறை உடற்கூடு செய்த, வெண்கல நிறப் பூச்சுடைய 50 கார்களை அந்நிறுவனம் 1963 முதல் 1966 வரை 203 பேரிடம் மும்மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தது. எஞ்சின் 130 குதிரைத்திறன். வண்டி நிற்கும்போதே டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்றுச் சுற்றும். ரேடியேட்டர் கிடையாது. டீசல், மண்ணெண்ணெய், கடலை எண்ணெய் எதை ஊற்றினாலும் ஓடும். மெக்சிகோவில் டெக்கீலா மதுவை ஊற்றியும் ஓட்டினார்கள். ஒத்துக்கொள்ளாதது ஈயம் கலந்த பெட்ரோல் ஒன்றுதான். அன்றைய அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் தாராளமாகக் கிடைத்ததும் அதுவே!

ஆக்சிலரேட்டரை மிதித்துச் சற்றுக் காத்திருந்தால்தான் வேகம் பிடிக்கும். நின்ற இடத்திலும் எரிபொருள் கரையும். வெப்பம் தாங்கும் உலோகங்களின் விலையும் கட்டுப்படியாகவில்லை. முன்மாதிரிகள் ஐந்தையும் சேர்த்து 55 கார்களில் 46 நொறுக்கப்பட்டன. இறக்குமதி வரியைத் தவிர்க்கவே என்பது பரவலான விளக்கம். சோதனை வண்டிகளை விற்பதில்லை என்ற தொழில் வழக்கமே காரணம் என்பது மற்றொன்று.

நேரடி உந்துவிசைக்கு மெதுவான வேகம் ஆகாது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியிலிருந்து வளி வினாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், அதன் இயக்க ஆற்றலில் ஆறேழு விழுக்காடே வண்டியைத் தள்ளும். மிச்சமெல்லாம் பின்னால் வருபவருக்கு அனல்காற்று. எனவே பாலைவனங்களே இதற்குத் தோதாயின. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில், இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே எஞ்சின்கள் கொண்ட 'திரஸ்ட் எஸ்.எஸ்.சி.'யை ஆண்டி கிரீன் மணிக்கு 1,227.985 கி.மீ. வேகத்தில் ஓட்டி ஒலியை முந்தினார். அந்த வேகத்தில் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போக ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். ஆனால் வழியில் யாராவது நெல் காயப்போட்டிருந்தால் நிறுத்த முடியாது.

டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் 2010இல் காட்டிய 'சி-எக்ஸ்75' மாதிரியில் இரண்டு சிறு டர்பைன்கள் மின்சாரம் தயாரித்தன. பின்னர் அவற்றுக்குப் பதில் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. 2012இல் திட்டமே கைவிடப்பட்டது. அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கி 1,500 குதிரைத்திறன் டர்பைனில் ஓடுகிறது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கு டீசல் எஞ்சின்.