பூனைக் கண்ணில் ஒரு சொட்டு

காபியில இருக்கிற கஃபீனைக் கண்டுபிடிச்ச கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஜெர்மன் கவிஞர் கதே ஒரு இளைஞன் கையில கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாருப்பான்னார். பையனும் பார்த்துச் சொன்னான். பொட்டி தட்டுற நம்ம கூட்டம் மொத்தமும் அவனுக்குக் கடன்பட்டிருக்கு. ஆனா அவன் கதேயைப் பார்க்கப் போனது காபி விஷயமா இல்லை. கக்கத்துல ஒரு பூனையோட போனான். இந்தப் பதிவு அந்தப் பூனைக்காக.

பையன் பேரு ஃபிரீட்லீப் ரூங்கே. சின்ன வயசுல மருந்துக்கடையில வேலை பழகினப்போ பெல்லடோனாச் செடியோட சாறு ஒரு சொட்டு கண்ணுல தெறிச்சிருச்சு. கண்மணி அகலமா விரிஞ்சு பார்வை மங்கிப்போச்சு. வேற யாரா இருந்தாலும் பயந்திருப்பாங்க. இவர், நெப்போலியன் படைக்கு ஆள் பிடிச்ச நேரத்துல, நண்பன் ஒருத்தன் கண்ணுல அதே சாறை விட்டுப் 'பார்வை சரியில்லை'ன்னு தப்பிக்க வச்சார்னு பின்னாளில் அவரே எழுதி வச்சிருக்கார். (நம்ம ஊர்ல மெடிக்கல் சர்டிபிகேட் வாங்குறதுக்கு முன்னோடி!)

1819-ல ஜெனா பல்கலைக்கழகத்துல அவரோட ஆய்வே இதுதான். யாராவது பெல்லடோனா கொடுத்துக் கொல்லப் பார்த்திருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தக் காலத்து வேதியியலால முடியாது. சந்தேகப்படுற திரவத்தைப் பூனைக் கண்ணுல ஒரு சொட்டு விடு, கண்மணி விரிஞ்சா விஷம் இருக்கு. அவ்ளோதான். ஆய்வுத் தலைப்புலயே பெல்லடோனாவோட ஊமத்தை இனமும் இருக்கு. நம்ம ஊர் வேலியோரத்து ஊமத்தைக்கும் அதே சரக்குதான். ரெண்டுமே கத்தரிக்காய்க் குடும்பம்.

இதைக் கேள்விப்பட்ட கதே நேர்ல காட்டச் சொன்னார். கதேக்கு எழுபது வயசு, ரூங்கேக்கு இருபத்தஞ்சு. கடன் வாங்கின கோட்டு, தொப்பி, கைல பூனை. ஜெனா கடைத்தெரு வழியா இந்தக் கோலத்துல போனவரை மாணவர்கள் எப்படிப் பார்த்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பூனைக்கண்ணைப் பார்த்து அசந்துபோன கதே கொடுத்த பரிசுதான் அந்தக் காப்பிக்கொட்டை.

அந்தச் செடியில இருந்த பொருளை 1831-ல மைன் என்கிற ஜெர்மன் மருந்தாளர் தனியாப் பிரிச்சார். அதுதான் அட்ரோபின். எப்படி வேலை செய்யுதுன்னு புரிய இன்னும் நூறு வருசம் ஆச்சு. ஆட்டோ லோவி 1921-ல தவளை இதயங்களை வச்சு, நரம்பு வேதிப்பொருள் வழியாத்தான் சேதி சொல்லுதுன்னு காட்டினார். அந்த வேதிப்பொருள் அசிடைல்கோலின். எச்சில் ஊறுறது, குடல் அசையுறது, இதயம் மெதுவாகுறது, கண்மணி சுருங்குறது எல்லாம் அதோட உத்தரவு. அட்ரோபின் போய் அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. உத்தரவு கேட்காது.

இதுக்கும் இன்னைக்கு நம்ம வீட்டுப் பூனைக்கும் என்ன சம்பந்தம்? கண்ணுக்குள்ள அழற்சின்னா வலி குறையவும், கருவிழித்திரை லென்ஸோட ஒட்டிக்காம இருக்கவும் கால்நடை டாக்டர்கள் இன்னைக்கும் இதே சொட்டைத்தான் எழுதுறாங்க. போன மாசம் மாடிவீட்டு அக்கா பதறிப்போய் கூப்பிட்டாங்க: சொட்டு விட்டதும் பூனை வாய்ல நுரை தள்ளுது, வலிப்பா தம்பின்னு. வலிப்பு இல்லை. கண்ணுல விட்டது மூக்கு வழியா வாய்க்கு இறங்கிடுது, ரொம்பக் கசப்பு, பூனையால தாங்க முடியாது. இதனாலதான் பூனைக்கு நிறைய டாக்டர்கள் களிம்பா எழுதுறாங்க.

அன்னைக்கு ராத்திரி சும்மா ஒரு கணக்குப் போட்டேன். 1 சதவீத சொட்டு மருந்துன்னா ஒரு மில்லியில 10 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு இருபது சொட்டுன்னு வச்சா ஒரு சொட்டுல 0.5 மில்லிகிராம். மயக்க மருந்துக்கு முன்னாடி போடுற ஊசியில, கிலோவுக்கு 0.02-ல இருந்து 0.04 மில்லிகிராம். நாலு கிலோ பூனைக்கு அதிகபட்சம் 0.16. ஒத்தைச் சொட்டுல அதைப்போல மூணு மடங்கு இருக்கு! அத்தனையும் ரத்தத்துல கலக்காதுதான். ஆனாலும் 'இன்னொரு சொட்டு விட்டா சீக்கிரம் ஆறும்'கிற நம்ம புத்தி இங்க ஆபத்து. கண் அழுத்தம் இருக்கிற பிராணிக்கு ஒரு சொட்டே கேடு. கண்ணீர் வத்திப்போன கண்ணுக்கும் ஆகாது. குதிரைக்குக் கண்ணுல விட்டது குடலை நிறுத்தி வயித்துவலி வரை கொண்டுபோகலாம்.

முயல் இன்னொரு அதிசயம். பெல்லடோனா இலையை மேய்ஞ்சுட்டு ஜம்முனு திரியும். சில முயல்களோட ரத்தத்துல அட்ரோபினை உடைக்கிற நொதி இருக்கு, அது பரம்பரையா வருதுன்னு சாவினும் கிளிக்கும் 1943-ல எழுதினாங்க. எல்லா முயலுக்கும் கிடையாது. உங்க முயல் எந்த ரகம்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால டாக்டர்கள் முயலுக்குக் கிளைக்கோபைரோலேட் பக்கம் போயிடுறாங்க.

இனி பூச்சிமருந்து. 1936-ல கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சி கொல்லத் தேடினப்போ கிடைச்சது டாபுன் என்கிற நரம்பு விஷம். அந்தக் குடும்பத்து ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் வயலுக்கும் உண்ணிக்கும் வந்துச்சு. நாய் அதை நக்கிட்டா அசிடைல்கோலின் அழியாமக் குவிஞ்சு, எச்சிலும் சளியும் பெருகி மூச்சு அடைக்கும். இங்க அட்ரோபின்தான் காப்பாத்தும், அதுவும் வழக்கமான அளவைப்போல பத்து மடங்கு வரைக்கும். தசை பலவீனத்தை மட்டும் இது தொடாது. அதுக்கு வில்சனோட ஆய்வுக்கூடத்துல 1955-ல வந்த பிராலிடாக்சிம் வேணும். எல்லா உண்ணி மருந்துக்கும் இது மாற்றும் இல்லை. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவி அது நடுங்கினா அட்ரோபின் உதவாது. டாக்டர் கேட்கிற முதல் கேள்வி 'என்ன மருந்து?'ன்னுதான் இருக்கும், டப்பாவைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

அப்போ எவ்வளவு போட்டா போதும்னு எதை வச்சு முடிவு பண்றாங்க? ரூங்கே நம்பின கண்மணியை வச்சு இல்லை. அது சும்மா விரிஞ்சு ஏமாத்திடும். மார்புல ஸ்டெதஸ்கோப் வச்சு, நுரையீரல் சளிச்சத்தம் அடங்குதா, இதயத்துடிப்பு மேல வருதான்னு கேட்டுக்கேட்டுத்தான் அடுத்த ஊசி.

டிஸ்கி: கணக்கெல்லாம் புரியறதுக்காகப் போட்டது. இதைப் பார்த்துட்டு யாரும் மருந்துக்கடைக்குக் கிளம்பிடாதீங்க சாமி :-)