தூத்துக்குடியில் புகையைப் பிடித்த கதை



புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவைப் பிடிக்க முடியுமா என்று உலகமே பேசுகிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஊருக்குப் பக்கத்தில், தூத்துக்குடியில் நடந்தது. நம்மவர்கள் பலருக்கே இது தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

வகுப்பில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதுவோமே, நினைவிருக்கிறதா? நீர் பால்போல் மாறும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. ஆனால் பிடித்ததை எளிதில் விடாது. அமீன் என்ற வேதிப்பொருள் கலந்த நீர் அப்படியல்ல. சுமார் 40 டிகிரி வெப்பத்தில் வாயுவைப் பிடிக்கும். 120 டிகிரி அளவில் சூடாக்கினால் விட்டுவிடும். மறுபடி அதே நீரைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் ராபர்ட் பாட்டம்ஸ் என்பவர் 1930-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிறகு ஏன் எல்லா அனல்மின் நிலையங்களிலும் வரவில்லை? சூடாக்க நீராவி வேண்டும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். வரவைவிடச் செலவு அதிகம். கனடாவின் பவுண்டரி டேம் அனல்மின் நிலையத்தில் பெரிய அளவில் தொடங்கியதே 2014-இல்தான்.

காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் என்ற இரு இளைஞர்கள் 2009-இல் கார்பன் கிளீன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும் புதிய கரைசலை உருவாக்கினார்கள். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை அதைத் தன் நிலக்கரி கொதிகலனில் பொருத்தியது. அரசு மானியம் இல்லாமல் ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் என்று 2017 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. பலர் நினைப்பதுபோல் இது துறைமுகத்துப் பக்கமுள்ள அனல்மின் நிலையத்தின் புகை அல்ல. ஆலையின் சொந்தக் கொதிகலன் புகை.

பிடித்த வாயு என்ன ஆனது? உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்தால் சோடா கிடைக்கும். பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1860-களில் வகுத்த வழி. அந்தக் காலத்தில் நம் ஊரில் உவர்மண் போட்டுத் துணி வெளுத்தார்கள். இன்று சலவைத்தூளில் இருப்பது இந்தச் சோடாதான். உப்பளம் நிறைந்த தூத்துக்குடிக்குப் பொருத்தமான தொழில்.

பெருமைப்படலாம், ஆனால் கணக்கும் போடுவோம். 210 மெகாவாட் அனல்மின் அலகு ஒன்று ஒரு நாள் முழுத்திறனில் ஓடினால் சுமார் 50 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. அதாவது நாளுக்கு 5,000 டன். 60,000 டன் என்பது அந்த ஓர் அலகின் 12 நாள் புகை! அதோடு, சோடாவைக் கண்ணாடி உலையில் போட்டால் பிடித்த வாயு மறுபடி காற்றுக்கே போய்விடும்.

ஆகவே இது முதல் படி மட்டுமே. 2022-இல் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்.டி.பி.சி. நாளுக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பைத் தொடங்கியது. அடுத்த படிகளை யார் வைப்பது?

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கரிசலில் உளுந்தும் பருத்தியும் விதைக்கும் சனங்கள் நாம். பருவம் தவறினால் முதலில் அடிபடுவது மானாவாரிக்காரன்தான். வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கணக்கையும் அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.