ஸ்போர்ட்ஸ் காரும் கராஜ் பாஸும்

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துக்கு விரிவு என்ன தெரியுமா? மோரிஸ் கராஜஸ். இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட் நகரத்தில் கார் விற்று, பழுதும் பார்த்த ஒரு கராஜ். அங்கே மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920களில் சாதாரண மோரிஸ் கார்களுக்குப் புது உடல் கட்டி வேகமாக ஓட வைத்தார். உலகம் கொண்டாடிய அந்த ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததே கராஜில்தான். நம்ம மலைநாட்டில் அதைச் சாகவிடாமல் வைத்திருந்ததும் கராஜ்தான். ஆனால் கதை சொல்லும்போது ஓட்டினவர் பேர் வருது, திருத்தினவர் பேர் வருவதில்லை.

கார் வருவதற்கு முன்னாடியே ஹட்டனில் இரும்பு தெரிந்த கைகள் இருந்தன. பிரவுன் கம்பெனி 1875இல் தோட்டங்களுக்கான இயந்திர வேலைக்கூடமாகத் தொடங்கியது இதே ஹட்டனில். ரயில் வந்து சேர்ந்ததே அதற்குப் பிறகு, 1884இல்தான். தேயிலை ஃபெக்டரியில் ரோலர், டிரையர், எஞ்சின் எதுவும் நின்றுபோகக் கூடாது. கொழுந்து காத்திருக்காது. அதனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஃபிட்டர் தேவைப்பட்டார். துரைமாரின் கார்கள் மலையேறி வந்தபோது, அவற்றைத் திறந்து பார்க்கும் துணிச்சல் ஏற்கெனவே இங்கே இருந்தது.

1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியது. பிறகு ரதெல்லையும் சேர்ந்துகொண்டது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் பாதை, நேரம் மட்டுமே எதிரி. ஆனால் பந்தயம் இல்லாத நாளிலும் மலை அந்தக் கார்களைச் சும்மா விடவில்லை.

முதல் பிரச்சினை காற்று. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாக ஓடிய எஞ்சினுக்கு இங்கே பெற்றோல் கூடிப்போகும். பிளக் கறுத்துவிடும், இழுவை விழுந்துவிடும். எஸ்.யு. கார்புரேட்டரில் ஜெட்டை இறக்கி ஏற்றும் திருகு ஒன்று இருக்கு. அதை எவ்வளவு திருப்பணும் என்பதை பிளக்கின் நிறமும் எஞ்சினின் சத்தமும்தான் சொல்லும். அதே கார்புரேட்டரின் தலைக்குள் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் நிற்கணும். அது வற்றினால் அழுத்தி மிதிக்கும்போது கார் தயங்கும்.

இரண்டாவது இறக்கம். கினிகத்தேனை வழியாக கித்துல்கல இறங்கும்போது டிரம் பிரேக் சூடேறி பிடி தளரும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் அதை மாற்றாமல் விட்டால், சூட்டில் கொதித்து, மிதிகட்டை அப்படியே கீழே போய்விடும்.

மூன்றாவது ஈரம். எம்.ஜி. டி வகைக் கார்களின் உடலுக்குள்ளே இருப்பது மரச்சட்டம். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே மரம் உக்கிக் கிடக்கும். கதவு சரியாக மூடவில்லை என்றால் கீலை மட்டும் பார்த்தால் போதாது, மரத்தையும் பார்க்கணும். அந்த வேலை மெக்கானிக்கைத் தாண்டி தச்சு பாஸிடம் போகும்.

உண்மையான சோதனை 1960களில் வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதி முடங்கியது, ஸ்பெயார் பார்ட்ஸும் அரிதானது. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. பல துரைமார் போய்விட்டார்கள். சில கார்கள் இங்கேயே நின்றுவிட்டன.

இனி என்ன செய்வது? கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பதுதான். ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் 1958இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் 948 சிசி எஞ்சினும், அந்தக் காலத்து மோரிஸ் மைனரின் எஞ்சினும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம். ஸ்டியரிங் ரேக்கும் மைனரிலிருந்து எடுத்ததுதான். ஆக, ஊரில் ஓடிய மைனர்களும், கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவிந்த பழைய சாமான்களும் ஸ்ப்ரைட்டுக்கு உயிர் கொடுக்க முடிந்தது. பழைய எம்.ஜி.யில் அப்படி முடியாது. அதன் எஞ்சினில் மரை மெட்ரிக் அளவு, போல்ட்டின் தலையோ பிரிட்டிஷ் விட்வர்த் அளவு! மரையும் நெருக்கமான மரை, கடையில் வாங்கும் சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட் ஏறாது. லேத்தில் கடைந்துதான் ஆகணும்.

2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. காற்றுக்கு நல்லது, ஆனால் பழைய எஞ்சின்களில் எக்ஸோஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம்தான். ஹெட்டைக் கழற்றி, கடினமான இரும்பு வளையம் பதிக்கும் புது வேலை கராஜுக்கு வந்தது.

இப்படி வளர்ந்த திறமை மலிவான ஒட்டுவேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990களில் இலங்கையில் செய்யப்பட்ட மோரிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்த மோரிஸ் மைனர் சென்டருக்குப் போயின. காரைச் செய்த நாடு, அதன் பாகத்தை நம்ம தீவிலிருந்து வாங்கியது.

மலையக வரலாறு என்றால் கொழுந்துக் கூடை, லயம், தொழிற்சங்கம் என்று எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் ஃபிட்டர், டிரைவர், லேத்காரர், தச்சு பாஸ் இவர்களும் அந்த வரலாறுதான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. ஆட்கள் கப்பலேறியபோது கைவேலை அறிவும் சேர்ந்தே போனது. அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தங்கியவர்களிலும் பலர் இப்போது முதுமையில். 2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி மறுபடி நின்றபோது, பழையதைத் திருத்தத் தெரிந்த கைக்கு என்ன மதிப்பு என்று நாமே பார்த்தோம்.

ஒரு மாற்றத்தை நாமே தொடங்கலாம். உங்க ஊர் பழைய கராஜுக்குப் போய் போனில் பதிவு செய்யுங்க. யாரிடம் வேலை படிச்சீங்க? கிடைக்காத பார்ட்டுக்குப் பதிலா என்ன செஞ்சீங்க? உங்களிடம் படிச்சவங்க இப்ப எங்க? இந்த மூன்று கேள்வி போதும், மிச்சத்தை அவங்களே சொல்லுவாங்க. பேரையும், அவங்க சம்மதிச்சா, மறக்காமல் எழுதுங்க.