லோதி தோட்டத்தின் முதியோர் நடை: எழுதப்படாத ஒரு வரலாறு

தில்லி லோதி தோட்டத்தில் விடியற்காலையில் முதியோர் குழுக்களாக நடப்பதைப் பார்த்தவர்கள் பலர். அவர்கள் நடக்கும் நிலத்தின் கதையை அறிந்தவர்கள் சிலரே.

சையிது, லோதி அரசர் காலத்துக் கல்லறைகளைச் சுற்றி அங்கே கைர்பூர் என்னும் சிற்றூர் இருந்தது. ஊராரை அப்புறப்படுத்திவிட்டு, 1936இல் வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அது லோதி தோட்டமாயிற்று; 1968இல் ஜோசப் ஆலன் ஸ்டைனும் காரெட் எக்போவும் அதற்கு மறுவடிவம் தந்தனர்.

ஆவணங்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. பூங்காவைத் திறந்தவர், வடிவமைத்தவர் பெயர்கள் அவற்றில் உண்டு. அங்கு நடந்தவர்கள் இல்லை. ஆனால் ஆட்சியாளரின் காட்சித் தோட்டத்தைப் பொது இடமாக்கியவர்கள் அவர்களே. நுழைவுக் கட்டணம் இல்லாததால் ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியிருப்பவரும் அங்கே வர முடிகிறது. குழுவில் மெதுவாக நடப்பவருக்காக மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் விசாரிக்க ஆள் இருக்கிறது. முதுமையின் தனிமைக்கு எந்தச் சட்டமும் தர இயலாத மருந்து இது.

கைர்பூரின் முதியோருக்கும் அதே கல்லறை நிழல் இப்படித்தான் பயன்பட்டிருக்க வேண்டும். அவர்களிடம் கேட்டு எழுதும் காலம் கடந்துவிட்டது. இன்று நடப்பவர்களிடம் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. நகர வரலாறு பயிலும் மாணவர்கள் ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுமுன், ஒரு காலைப்பொழுது அவர்களுடன் நடந்து பார்க்க வேண்டும்.