குழந்தைகளின் குடல் பாலிப்: புற்றுநோய் அபாயமும் திசுக் குறியீடுகளும்

குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியே பாலிப். இரண்டு முதல் பத்து வயதுக்குள் வலியில்லாமல் மலத்தோடு ரத்தம் போவது இதன் முக்கிய அறிகுறி.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இளம்பருவப் பாலிப். சண்டிகர் மருத்துவர்கள் 236 இந்தியக் குழந்தைகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதுவே பெரும்பான்மை. ஒற்றைப் பாலிப் என்றால் அகற்றியதும் கவலை தீர்ந்தது. புற்றுநோய் அச்சம் அநேகமாக இல்லை. பெருங்குடலில் ஐந்துக்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் பிறருக்கும் இருந்தாலோ புற்றுநோய் அபாயமுள்ள இளம்பருவப் பாலிப் நோய்த்தொகுதியைச் சந்தேகிக்க வேண்டும்.

அங்கேதான் திசு பேசுகிறது. நுண்ணோக்கியில் செல்களின் ஒழுங்கு குலைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை, இன்றும் அதுவே அடித்தளம். கேஐ-67 புரதம் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும். பி53 புரதத்தைக் காட்டும் சாயம் படியும் விதம் இயல்பு மாறினால் புற்றை நோக்கிய மாற்றத்தைச் சந்தேகிக்கலாம். எஸ்மேட்4 புரதம் திசுவில் காணாமற்போனால் பரம்பரைப் பிறழ்வைத் தேட வேண்டும். எஸ்மேட்4 சாயம் சரியாகப் படிந்தது என்பதற்காக மட்டும் பிறழ்வு இல்லையென்று விட்டுவிடக் கூடாது. பிஎம்பிஆர்1ஏ மரபணுவின் பிறழ்வும் இந்நோய்த்தொகுதிக்குக் காரணமாகலாம். எந்தக் குறியீடும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது.

பெற்றோரே, குழந்தையின் மலத்தில் ரத்தம் கண்டால் பூச்சி, மூலம் என்று நாள் கடத்தாதீர்கள். எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அகற்றிய பாலிப்பைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.